பறந்து வந்த உறை

ஒற்றை இன்ஜின் விமானத்தில் தனியாக உலகைச் சுற்றிச் சாதனை படைத்த பாண்டீஸ்வரி, தன் கையெழுத்திட்ட பத்து அஞ்சல் உறைகளையும் அப்பயணத்தில் கொண்டுசென்றிருந்தாள். இப்போது அவற்றுள் நாற்பது விற்பனையில் இருந்தன.

ஒன்றை வாங்கிய பால்பாண்டி, மனைவி மகாலட்சுமியுடன் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டியில் பாண்டீஸ்வரியின் வீட்டுக்கே வந்து அவளிடம் நீட்டினார்.

"அசல்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். இல்லேன்னா மதுரைக் கண்காட்சில வைக்க விடமாட்டாக."

"கையெழுத்து சரியாத்தான் இருக்குண்ணே. ஆனா போலிக்காரவுக என்னையவிட அழகாப் போடுறாக." மூலைகளை உற்றுப் பார்த்தாள். "இது போலி."

"எப்படிச் சொல்றீக?"

"நான் கெளம்புறப்ப எங்கம்மா பத்து உறைக்கும் மூலையில மஞ்சள் தடவுச்சு. வேணாம்னு சொன்னாக் கேட்டாத்தானே? இதுல மஞ்சளே இல்ல."

பால்பாண்டியின் முகம் வெளிறியது.

"வாயத் தொறந்து சொல்லுங்க," என்றாள் மகாலட்சுமி.

"குழம்புக் கறைன்னு நெனச்சு, ரெண்டு நாளா பஞ்ச வச்சுத் தொடச்சு எடுத்துட்டேன் மேடம்."

"வீட்ல ஒரு தட்டையாவது இப்படித் தேச்சிருப்பாகளா, கேளுங்க!"

பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. "எத்தன கறை இருந்துச்சு?"

"அஞ்சு. மூலைக்கு ஒண்ணு. பின்னாடி மடிப்புல ஒரு பெருவிரல் தடம்."

அந்தப் பெருவிரலைப் பற்றி அவள் எவரிடமும் சொன்னதில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"யம்மா, மஞ்சளக் கொழச்சு எடுத்துட்டு வா. ஒரு உறைக்குத் திரும்பத் தடவணும்."