சஃப்ரன்போலு வெயில்

"நல்லாப் பாருங்க உம்மா, இதுதான் சஃப்ரன்போலு. உஸ்மானிய சுல்தான்கள் காலத்து ஊரு" என்றான் ஆபித். போன் திரையில் கல் பாவிய சந்து ஒன்று மேடேறியது. இரண்டு பக்கமும் மாடி துருத்திய மர வீடுகள், கடைசியில் ஒரு பள்ளிவாசல். மினாரா மேல் வெயில் பளீரென்று அடித்தது.

அஸ்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரங்கூன் ஆற்றைக் கடந்து அக்கரை டாலாவுக்குக்கூடத் தனியாகப் போகாத பிள்ளை, துருக்கிவரை போய்விட்டான்.

போனை இனாயத்துல்லா பக்கம் திருப்பினாள். "நீங்களே பாருங்கண்ணே. ரங்கூன்லயே இல்லாத புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்புன்னா நான் எங்க போவேன்?"

இனாயத்துல்லா தாமுவே வார்டு ஆபீஸில் இருப்பவர், ஒரே ஜமாத்துக்காரர். பட்டாளத்துக்குப் பிடிக்கும் ஆட்களில் ஆபித் பெயரும் இருக்கிறது என்று சொன்னவரே அவர்தான். பையன் வெளிநாட்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பெயரை எடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். அதற்காகவே இன்று நோன்பு திறக்க அழைத்திருந்தாள்.

"கண்ணால பாத்தாச்சு. நாளைக்கே பேரை எடுத்துடுறேன்" என்றார்.

அஸ்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோன்புக் கஞ்சியைக் கோப்பை நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

திரையில் சந்து மறைந்து ஆபித்தின் முகம் வந்தது. பின்னால் வெறும் சுவர். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அஸ்மா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"நோன்பு வைக்கிறியா வாப்பா?"

"ஒண்ணுகூட விடலை உம்மா. விடிஞ்சதிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை."

தெருமுனைப் பள்ளியில் பாங்கு ஒலித்தது. அஸ்மாவும் இனாயத்துல்லாவும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். திரையில் ஆபித்தும் துஆவை முணுமுணுத்து ஒரு பழத்தை வாயில் போட்டான்.

பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து நோன்பு திறப்பது போலிருந்தது அவளுக்கு. கண் கலங்கிவிட்டது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

இனாயத்துல்லா கஞ்சியைத் தொடவில்லை.

"ஆறிடப் போவுது, குடிங்கண்ணே."

"அந்த ஊர்ல இன்னும் வெயில் அடிக்குதேம்மா" என்றார். "அவன் எப்படி நம்மகூட நோன்பு திறந்தான்?"

அஸ்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஒளிஞ்சிருக்கான், டாலாவிலயா?"