மோர்வெல்லில் வசிப்பவர்கள்

"மேடம், புள்ளைய வீட்டுலயே படிக்க வைக்கிறதுக்கான உறுதிமொழிப் பத்திரம் ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிக்குள்ள எங்களுக்கு வந்திருக்கணும். இப்ப அக்டோபர்."

கல்வி மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஹாஃப்னர் வாசலில் நின்றபடியே சொன்னார். மண்ணின் சூடு ஷூவைத் தாண்டியதோ என்னவோ, கால் மாற்றி மாற்றி நின்றார்.

ரூட்டா அவரை உள்ளே கூப்பிடவில்லை. கையெல்லாம் பைரோகிக் கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு.

மோர்வெல் ஊருக்கு அடியில் நிலக்கரி பற்றிக்கொண்டது அவள் பிறப்பதற்கு முன்பே; இன்னும் அணையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊர் காலியானது. பள்ளிப் பேருந்து நின்றது, தபால் வண்டி நின்றது.

ரூட்டாவும் மகள் டெஸ்ஸும் மட்டும் நகரவில்லை. டெஸ்ஸுக்கு வீடே பள்ளிக்கூடம்.

அந்த வீட்டுக்கும் வேட்டு வைக்கப் பார்த்தது, சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் வளைத்துப்போட்ட கம்பெனி. ஊரில் ஆளே இல்லை, இதுவும் கைவிட்ட வீடுதான் என்று வழக்கு. வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. தோற்றால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"பென்சில்வேனியாவுல புள்ளைய வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறது உங்க இஷ்டம் இல்ல மேடம். என்னென்ன பாடம்னு எழுதணும், நோட்டரி கையெழுத்து வாங்கணும், தடுப்பூசி விவரம் வைக்கணும். தீ விபத்துப் பாதுகாப்புகூட கட்டாயப் பாடம், தெரியுமா?"

உள்ளேயிருந்து டெஸ் குரல் கொடுத்தாள்.

"கொல்லைப்பக்கம் வந்து பாருங்க சார். புகையுதே, அதான் எங்க லேப்."

ரூட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அடக்கவில்லை.

ஹாஃப்னரின் முகம் சிவந்துவிட்டது. "பத்திரம் தருவீங்களா, மாட்டீங்களா?"

"இன்னிக்குத் தர்றதா இல்ல."

"அப்ப நோட்டீஸ்தான். நீதிபதி முன்னாடி நிக்கணும்."

"தாராளமா குடுங்க. விலாசத்த மட்டும் ஒழுங்கா எழுதுங்க சார்."

"இப்படிப்பட்ட ஊர்ல புள்ளையோட குடியிருந்துக்கிட்டு, வாய் மட்டும் குறைச்சலில்ல" என்று முணுமுணுத்தபடி அவர் காரின் மேல் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், கிழித்து நீட்டினார்.

ரூட்டா மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

கார் திரும்பியதும் டெஸ் ஓடிவந்தாள். "உனக்கென்ன பைத்தியமா அம்மா? ஜூலையிலயே நோட்டரிகிட்டப் போய்ட்டு வந்தோமே! பத்திரம் அலமாரியிலதானே இருக்கு? எடுத்து மூஞ்சியில அடிச்சிருக்கலாம்ல?"

"அனுப்பியிருந்தா இந்த மனுஷன் எதுக்கு இங்க வரப்போறாரு? விசாரணைக்கு முன்னாடி வராமப் போயிடுவாரோன்னு நெனச்சேன்."

ரூட்டா நோட்டீஸை மகளிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படி. செவ்வாய்க்கிழமை கம்பெனி வக்கீல் முன்னாடி நீதான் படிக்கப்போற."

டெஸ் படித்தாள்.

"மோர்வெல்லில் வசிக்கும் ரூட்டா யூர்கோனிஸ், அவருடன் அதே வீட்டில் வசிக்கும் பள்ளி வயதுக் குழந்தையை..."