தலையில் கட்டிய கடன் பத்திரம்

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி கண்ணீர் விட்டு அழுததை அவருடைய மச்சினன் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான். டீ டம்ளர்களை எடுக்க வந்தவன், அப்படியே கதவோரம் நின்றுவிட்டான்.

மச்சினன் என்றால் முதலாளி மனைவியின் தம்பி. கம்பெனியில் மேனேஜர். என்ன வேலை என்று அவனை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தர நிர்ணய அதிகாரி. கம்பெனிகள் பொதுமக்களிடம் கடன் வாங்கிக்கொண்டு பத்திரம் கொடுக்கின்றன அல்லவா? அந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பி வருமா, வராதா என்று வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவது போல மார்க் போடுகிறவர். நல்ல மார்க் வாங்கிய பத்திரத்தை வாங்க ஆள் க்யூவில் நிற்கும். மார்க் குறைந்தால், வைத்திருப்பவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

"என் மானம் உங்க கையிலதான் சார் இருக்கு. பார்த்து எழுதுங்க" என்றார் முதலாளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கூடவே ஒரு தடித்த கவர் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது.

"ஐயையோ, இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டபடியே அதிகாரி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழக்கப்பட்ட கை.

மச்சினன் மனசுக்குள் கணக்குப் போட்டான். லஞ்சம் கொடுத்து மார்க் வாங்கும் நிலைமை என்றால், கம்பெனி எந்த லட்சணத்தில் இருக்க வேண்டும்! மெஷின்கள் வேறு ஓடவில்லை. ரிப்பேர் என்று சொல்லியிருந்தார்கள்.

கம்பெனி போனால் போகட்டும். அதன் பத்திரத்தில்தான் அவன் மனைவியின் பணம் முழுவதும் இருந்தது. அவள் அப்பா வீட்டை விற்றதில் பங்காக வந்தது; மகளின் காலேஜ் படிப்புக்கென்று வைத்திருந்தது. "பேங்க்ல போட்டுடலாமே" என்றவளை, "உனக்கு என்ன தெரியும்? அத்தான் கம்பெனி, பேங்கைவிட ரெண்டு மடங்கு வட்டி" என்று அதட்டி வாங்க வைத்தவன் இவன்தான். அது முழுகிப் போனால் வீட்டில் முகத்தைக் காட்ட முடியாது.

அதிகாரி போனதும் மெல்லக் கேட்டான்.

"அத்தான், நம்ம பத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனி கல்லு மாதிரி இருக்கு மச்சான். வட்டியும் வரும், முதலும் வரும். பயந்துபோய் வித்துத் தொலைச்சுடாதே. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதே, என்ன?"

'யார் காதுல பூ சுத்தறார்?' என்று நினைத்துக்கொண்டான் மச்சினன்.

நேராகக் குடோனுக்குப் போனான். அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கி நின்று, பத்திரத் தரகருக்குப் போன் போட்டான்.

"கம்பெனிக்குள்ள இருக்கிறவரே விக்கறீங்க. அப்போ நூறு ரூபா பத்திரத்துக்கு எழுபதுதான் தர முடியும்" என்றார் தரகர்.

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார். பொண்ணு படிப்புச் செலவு..."

"எதுவா இருந்தா என்ன? சரின்னா இன்னிக்கே முடிச்சுடலாம். வாங்க ஆள் ரெடி."

சரி என்றுவிட்டான். உள்ளே நடக்கும் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு விற்பது சட்டப்படி குற்றம் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாங்கிய அப்பாவி யாரோ! ரிட்டையர் ஆன வாத்தியாரோ, புருஷனைப் பறிகொடுத்தவளோ! யார் தலையிலோ கட்டிவிட்டோமே என்று உறுத்தியது. நல்லவேளை, உறுத்தல் மறுநாள் காலை டிபனோடு சரியாகிவிட்டது. "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேரிடம் சொல்லிப் புண்ணியமும் கட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் மார்க் வந்தது. கடைசி பெஞ்சுக்கும் கீழே.

லஞ்சம் வாங்கியும் நேர்மையாக எழுதியிருக்கிறாரே என்று அந்த அதிகாரி மேல் மச்சினனுக்கு மரியாதையே வந்துவிட்டது. கேட் முன்னால் பத்திரக்காரர்கள் கூடி நின்று வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள். பத்திரம் நாற்பது ரூபாய்க்கு வந்தது. எழுபதுக்கு விற்ற மச்சினன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போனான்.

அத்தானை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. எல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டால் அக்காவைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட வேண்டியதுதான் என்று பெரிய மனசு பண்ணினான். அத்தானைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மாதக் கடைசியில் தரகரே நேரில் வந்தார். முதலாளி அறையில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. மனுஷனுக்குக் கவலையில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துகொண்டே மச்சினன் உள்ளே போனான்.

"வா மச்சான், உன்னைத்தான் தேடினேன்" என்று ஒரு நோட்டுக் கட்டை எடுத்து அவன் கையில் வைத்தார் முதலாளி. "நம்ம அதிகாரிக்கு மீதிப் பணம். மார்க்கைக் குறைச்சுப் போட்டதுக்குப் பேசின தொகையில பாதிதான் அன்னிக்குக் கொடுத்தேன்."

"கு... குறைக்கவா? எதுக்கு அத்தான்?"

"குறைச்சாத்தானே நான் வாங்கின கடனை நானே அடிமாட்டு விலைக்கு வாங்கி அடைக்க முடியும்? அதுக்குத்தான் மெஷினை நிறுத்தி, நீ பார்க்கிற மாதிரி அழுதும் வச்சேன். முதல்ல வாங்கினது உன்னோடதைத்தான் மச்சான்!"