இரட்டை ரோந்து

"இன்னிக்கு ஒரு நாள் ரோந்துப் படகைத் திருப்பிக் கூப்பிடுங்க."

வணக்கம் இல்லை, நல விசாரிப்பு இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சஜிதா கேட்டுவிட்டாள். இதை மட்டும் அவரிடம் போய்க் கேட்கவே மாட்டேன் என்று விடிகாலையில்தான் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

சபாபதி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். சபாபதி என்பது வீட்டில் மட்டும்தான். சீருடையில் குத்தியிருக்கும் பர்மியப் பெயர் சோ நைங். யாங்கூன் ஆற்று முகத்தில் ஓடும் கடற்காவல் படகுகள் அவர் சொல்லுக்குத்தான் ஓடும்.

"வீட்ல யாருமில்ல. உள்ள வந்து பேசும்மா."

மிங்கலாடோன் அதிகாரிகள் குடியிருப்பில் தூசி கூட வரிசையில் நிற்கும் போலிருந்தது அந்தக் கூடம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று மெடல்கள். அதன் கீழே மகன் மோகன் சின்ன வயதில் பள்ளிக்கூட உடுப்பில் அப்பாவுக்கு சல்யூட் அடிக்கும் படம். பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் வெறுமனே இருந்தது. அதைச் சுற்றி ஒரு சட்டை அளவுக்குச் சுவர் மங்காமல் வெளுப்பாகத் தெரிந்தது.

சஜிதா உட்காரவில்லை. அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். பணிவாகப் பேசுவதை மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

"என் தம்பி யாசரை பட்டாளத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்துட்டுப் போச்சு. விடியக்காலையில அக்கரை டாலாவுல மீன் படகு ஏறிட்டான். இப்ப பார்த்தா ஆத்து முகத்துல ரோந்தை டபுள் ஆக்கிட்டாங்களாம். யாரு ஆக்குனது?"

"நான்தான். காலையில எழுந்ததும் போன் பண்ணிச் சொன்னேன்."

ஒளிக்கக்கூட இல்லையே இந்த ஆள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன், இருக்குற மூணு மெடல் பத்தலையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "ஆடிக் காத்து எப்படி அடிக்குது பார்த்தியா? மீன் படகுல ஆளை அடைச்சுக்கிட்டு இந்த நேரத்துல கடலுக்குள்ள போனா போய்ச் சேராதும்மா."

"சேரும். போய்ச் சேர்ந்தவங்க எத்தனை பேரு போன் பண்ணியிருக்காங்க."

"சேராதவங்க போன் பண்ண மாட்டாங்களே."

எழுந்து போய்க் கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டார். "மொதல் மெடல் புயலுக்கு. ரெண்டாவது, எரியுற கப்பல்ல ஏறுனதுக்கு. மூணாவது போன வருஷம். சண்டை நடக்குறப்போ கவுந்த படகுலேர்ந்து ஆளுங்களைத் தூக்குனேன்னு குடுத்தாங்க. உசுரோட தூக்குனது ரெண்டு பேரைத்தான். பேப்பர்ல அந்த ரெண்டு பேரைத்தான் போட்டாங்க. மத்தவங்களையும் நான்தான் தூக்குனேன்."

சஜிதா அவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"சரி, பிடிக்கிறீங்க. பிடிச்சு வீட்டுக்கா அனுப்புவீங்க?"

அவர் கண்ணாடிச் சட்டத்தை நேராக்கினார்.

"கேம்புக்குத்தான் அனுப்புவாங்க. மொட்டையடிச்சு, கையில துப்பாக்கியைக் குடுத்து, எல்லாருக்கும் முன்னால நிறுத்துவாங்க. கடல்ல சாகக் கூடாது, சண்டையில சாகலாம். அதானே?"

"அங்கேருந்து திரும்பி வந்தவங்க இருக்காங்கம்மா." அவருக்கே அந்தச் சொல்லில் தெம்பு இல்லை.

"அங்கேருந்து அவனை வெளிய எடுத்துத் தருவீங்களா? மூணு மெடலுக்கு ஒரே ஒரு ஆளு!"

"முடியாது. கேட்டா என்னையே உக்கார வச்சு விசாரிப்பாங்க. தண்ணியிலேர்ந்து தூக்குறதுதான் என் கையில இருக்கு. கரையில என் பேச்சை எவன் கேக்குறான்?"

"அப்ப தூக்காதீங்க! போனா போகட்டும்னு விட்டுருங்க!"

"விட முடியலையேம்மா."

"உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் இப்படித்தான் பிடிச்சுக் குடுப்பீங்களா?"

சபாபதி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படித்தான்," என்றார்.

மேசைமேல் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். பர்மிய மொழியில் இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு போனை வைக்கவும் மறந்து நின்றார்.

"ரெண்டு படகுக்காரங்களும் சல்லடை போட்டுத் தேடிட்டாங்களாம். அப்படி ஒரு மீன் படகே கண்ணுல படலையாம். அலை ஆள் உசரத்துக்கு மேல இருக்குன்னு திரும்பிட்டு இருக்காங்க."

சஜிதாவின் முகம் மலர்ந்தே போயிற்று. "தப்பிச்சுட்டான்! உங்க கண்ணுலேர்ந்து தப்பிச்சுட்டான்!"

சபாபதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷனைப் பார்க்க இப்போது பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அவள் முடிவெடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தாள். அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

"அடுத்த படகுல நானும் ஏறப் போறேன். டபுள் என்ன, பத்துப் படகு விடுங்க. வேணும்னா என்னைப் பிடிச்சு நாலாவது மெடலையும் வாங்கிக்கங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வெளியே காற்றில் மழை சாய்ந்து அடித்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்தவளைப் பின்னாலிருந்து அவர் குரல் நிறுத்தியது.

திரும்பிப் பார்த்தாள். சபாபதி அந்த வெறும் ஆணியின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

"அந்த லைஃப் ஜாக்கெட்ல இடது பக்கத்து பெல்ட் நழுவும்மா. மோகனுக்கு நல்லா இறுக்கிக் கட்டிவிட்டியா?"