ஜோஜோவுக்கு வந்த சுகர்

குருசடி வளைவில் ஷேர் ஜீப் அன்றும் நின்றது.

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் ஏசுரத்தினம். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டியவர்.

எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து வண்டிப்பெரியாருக்கு ஒன்றேகால் மணி நேரம். ரோடு அப்படி. பாதி வழியில் ரோட்டோரச் சிற்றாலயமான மாதா குருசடி, அதன் பின்னால் தண்ணீர் வராத ஒரு கழிப்பறை. டிரைவர் ஜோஜோ தினமும் அங்கே நிறுத்திவிடுவான்.

"சுகர் அண்ணாச்சி. அடக்க முடியல."

சீட்டுக்கடியிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு போவான். காலிக் கேனோடு வருவான்.

"ஒருத்தனுக்கு எதுக்குலே அஞ்சு லிட்டர்? சுகரைக் கழுவி ஊத்துறியா?"

ஜீப்பே சிரிக்கும். ஜோஜோவும் சேர்ந்து சிரிப்பான். எப்படியும் வண்டி நிற்கிறதே என்று இன்னும் நாலு பேர் இறங்கிப் போய் வருவார்கள். ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் வினோவும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் ஜெஸ்னாவும்கூட.

முப்பது வயதில் சுகர் என்ற பேச்சு ஏலப்பாறை வரை போனது. அங்கே ஜோஜோவுக்கு நிச்சயம் செய்யவிருந்த பெண்ணின் வீட்டார் வந்து விசாரித்தது ஏசுரத்தினத்திடம்தான். அவர் உள்ளதைச் சொன்னார். சம்பந்தம் நின்றுபோனது.

மறுநாளும் ஜோஜோ வளைவில் நிறுத்தினான்.

ஒரு திங்கட்கிழமை வினோ எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். ஜெஸ்னா முன் சீட்டில் ஜோஜோவுக்கு ஊட்டாத குறை.

என்ன விசேஷம் என்று கேட்டார் ஏசுரத்தினம். வினோ குரலைத் தாழ்த்தினாள்.

"சனிக்கிழமை கோட்டயத்துக்குப் போனோம் அண்ணாச்சி. பிள்ளைக்குச் சரியாயிருச்சாம். மருந்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

சிறுநீர் கீழே இறங்காமல் சிறுநீரகத்துக்கே திரும்ப ஏறுகிற கோளாறாம். அடக்கி வைத்தால் கிருமி சேர்ந்து காய்ச்சல். இரண்டு முறை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். இன்னும் வந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

"லயத்து வீட்டுல இருந்து நடந்து, ஜீப் ஏறி, ஸ்கூல் போய்ச் சேர அதுக்கு மேல ஆயிருது. போன வருஷம் ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி இவளே கேட்டா. 'கிளம்புறப்பவே போயிட்டு வர்றதுக்கென்ன'ன்னு ஒருத்தர் சொல்ல, வண்டியே சிரிச்சிருச்சு. அதுக்கப்புறம் செத்தாலும் கேக்க மாட்டேன்னுட்டா. அடக்கி அடக்கியே ரெண்டாவது காய்ச்சல் வந்துச்சு."

அந்த ஒருத்தர் யார் என்று அவள் சொல்லவில்லை. ஏசுரத்தினத்துக்கு ஞாபகம் இருந்தது. மிட்டாய் கையிலேயே இருந்தது.

ஜீப் வளைவில் திரும்பியது. குருசடி வந்தது. போயும்விட்டது.

ஏசுரத்தினம் குனிந்து சீட்டுக்கடியில் பார்த்தார். தண்ணீர்க் கேன் இல்லை.

"ஜோஜோ... உன் சுகர் என்னாச்சுப்பா?"

ரோட்டைப் பார்த்தபடியே அவன் சொன்னான்:

"அதுவும் சனிக்கிழமை கோட்டயத்துலதான் சரியாச்சு அண்ணாச்சி."