பூசணிக்காய் தடுத்த விபத்து

புதுக் காருக்குத் திருஷ்டி சுற்றி, குங்குமம் நிரப்பிய பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைத்துவிட்டு, வெள்ளோட்டம் கிளம்பினார் கார்க்காரர். சிதறிக் கிடந்தாலும் பூசணிக்காய்க்குப் பெருமை தாங்கவில்லை. "நான் செத்து ஒரு விபத்தைத் தடுத்துட்டேன்!"

சவரியப்பனைச் சுமந்து வந்த சைக்கிள் மணியடித்துக் கெஞ்சியது. "அண்ணே, கொஞ்சம் ஓரமாப் போங்களேன். உங்க புதுக் காரு திரும்பி வருது. பின்னாலயே விரட்டுது, எனக்கு ஒதுங்க இடமில்ல."

"உடைச்சவங்க அள்ளாமப் போயிட்டாங்க. நான் எப்படித் தம்பி நகருவேன்?"

சக்கரம் வழுக்கியது. கார் ஏறி இறங்கியது. சவரியப்பன் எழவேயில்லை. குங்குமம் எது, ரத்தம் எது என்று பூசணிக்காய்க்கே தெரியவில்லை.

கார்க்காரர் இறங்கி, முதலில் காரைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லவேளை, திருஷ்டி கழிச்சோம்" என்றார்.