பச்சை டிக்

ஆம்புலன்ஸ் கூப்பிடும் இணையதளம் ஒன்றில் ஒரு பொத்தானும் ஒரு வலையும் இருந்தன. பொத்தானை யாராவது அழுத்தினால் அவர்களுடைய விலாசம் உள்ளே ஓடும். வழியில் தடுக்கி விழுந்தால் அது பிழையாகித் திரும்பி ஓடிவரும். அந்தப் பிழையைப் பிடிக்கத்தான் புரோகிராமர் தணிகைவேல் வலையைக் கட்டியிருந்தார். பிடித்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அங்கே ஒரு குறிப்பு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் வலை பிழைகளை விழுங்கியது. பிழை எதுவும் வெளியே வராததால் திரையில் பச்சை டிக் எரியும்: "வண்டி கிளம்பிவிட்டது."

ஒருநாள் காலையில் ஒரு பிழை அலறிக்கொண்டு வந்தது. "சர்வர் செத்துக் கிடக்கு! அந்தப் பக்கம் யாருமே இல்லை! வெளியே சொல்லு!"

"கத்தாதே, ஜனங்க பயந்துடுவாங்க" என்று வலை அதை விழுங்கியது. பச்சை டிக் எரிந்தது.

பிழைகள் வந்துகொண்டே இருந்தன. மத்தியானத்துக்குள் வலையின் வயிற்றிலிருந்து முனகல் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு முனகலும் ஒரு தெருவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

"உனக்குக் கேக்கலையா?" என்றது பொத்தான்.

"கேக்குது. என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

அப்போது விரல் ஒன்று பொத்தானை அவசர அவசரமாக அழுத்தியது. பொத்தானுக்கு அந்த விரலைத் தெரியும். தன்னை முதன்முதலில் அழுத்திப் பார்த்த விரல்.

"தணிகைவேல் சார் இது! இவர்கிட்டயாவது சொல்லித் தொலையேன்!"

வலை விழுங்கியது. பச்சை டிக் எரிந்தது.

விரல் நிம்மதியாகப் பொத்தானை விட்டு விலகியது.

"வண்டி கிளம்பிடுச்சு பாப்பா" என்றது வெளியே ஒரு குரல். "கொஞ்சம் பொறுத்துக்கோ."